டிக்கெட்டோடு சேர்ந்த சாப்பாடு

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து தொகுத்த எழுத்து வடிவம். படிக்க வசதியாக இருக்கட்டும் என்று சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடு ஒரு புளியோதரைத் தூக்கிலிருந்து ஆரம்பிக்குது.

போன வருஷம் எங்க ஆபீஸில் ஃபேமிலி டே வைத்தார்கள். குடும்பத்தோடு ஒரு தீம் பார்க் போய் நாள் முழுக்க இருந்துவிட்டு வரலாம். நான் வ. புதுப்பட்டியிலிருந்து அம்மாவையும் பெரியப்பாவையும் வரவழைத்திருந்தேன். பெரியப்பா முப்பது வருஷத்துக்கு மேல் தவசுப்பிள்ளை. வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்றேன், எங்க பக்கம் கல்யாண வீட்டுக்குச் சமைக்கிறவருக்கு அதுதான் பேர். வத்திராயிருப்பு, கூமாப்பட்டி (ஆமா, ரீல்ஸில் பார்த்த அதே கூமாப்பட்டிதான்), ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் அவர் அடுப்பு மூட்டாத தெரு குறைவு.

அம்மா வழக்கம்போல ஒரு எவர்சில்வர் தூக்கு நிறைய புளியோதரை கட்டிக்கொண்டு வந்துவிட்டார். பார்க் வாசலில் பையைச் சோதித்த தம்பி, "வெளிச் சாப்பாடு உள்ள விடமாட்டோம்மா" என்று சொல்லி தூக்கை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு டோக்கன் கொடுத்தார். சாயங்காலம் திரும்பும்போது வாங்கிக்கலாமாம். "நம்ம சோத்துக்கே நமக்கு டோக்கனா?" என்று அம்மா கேட்டதை அன்னைக்கு முழுக்க எங்க டீமில் சொல்லிச் சிரித்தார்கள்.

மத்தியானம் பஃபே. நீளமான மேசை, வரிசையாக மூடி போட்ட எவர்சில்வர் பெட்டிகள். பெரியப்பா தட்டை எடுக்காமல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இரண்டு தடவை நடந்தார். அப்புறம் கொஞ்சம் வெள்ளைச் சோறு, ரசம், ஒரு அப்பளம். அவ்வளவுதான்.

"என்ன பெரியப்பா, பதினெட்டு அயிட்டம் இருக்கு, நீங்க ரசத்தோட உட்கார்ந்துட்டீங்க?"

"பதினெட்டுப் பெட்டி இருக்குய்யா. ஆனா சமைச்சது நாலோ அஞ்சோதான்."

எனக்குப் புரியவில்லை. அவர் விரலை நீட்டிக் காட்டினார். வெங்காயம், தக்காளி, முந்திரி விழுது போட்டு ஒரே ஒரு மசாலா. அதில் பனீரைப் போட்டால் ஒரு பெயர், பட்டாணியும் உருளைக்கிழங்கும் போட்டால் இன்னொரு பெயர், வெண்டைக்காயை வறுத்துப் போட்டால் மூணாவது பெயர். ஒரே சோற்றில் ஒரு பக்கம் ஃப்ரைடு ரைஸ், ஒரு பக்கம் புலாவ். சாம்பார் காலையிலேயே இறக்கியது, அப்போது மணி இரண்டு. அப்புறம் ஒரு வார்த்தை சொன்னார்.

"இத சமைச்சது யாருன்னு நமக்குத் தெரியாது. தின்னது யாருன்னு அவனுக்கும் தெரியாது. பெறகு எப்படிய்யா ருசி வரும்?"

தீம் பார்க் பஃபே முன்னாடி மாதிரி இல்லை என்று எல்லோரும் சொல்றாங்க. விலை ஏறுது, அயிட்டம் கூடுது, ருசி மட்டும் இறங்குது. ஏன்? பேராசை என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் பேராசை எல்லாக் கடையிலும்தான் இருக்கு. எங்க ஊர் புரோட்டாக் கடைக்காரருக்கும் லாபம் வேணும். அவர் புரோட்டா நல்லாத்தானே இருக்கு? அப்போ காரணம் வேற எங்கயோ இருக்கணும். அதைத் தேடித்தான் கொஞ்சம் வரலாற்றுக்குள்ள போகப் போறோம்.

சூட்டில் நிற்கிற பண்டம்

முதலில் அந்த எவர்சில்வர் பெட்டி. அடியில் தண்ணீர், அதற்குக் கீழே சின்ன அடுப்பு அல்லது மின்சாரக் கம்பி, மேலே சாப்பாட்டுத் தட்டு. ஏன் இப்படி? சமைத்த உணவை 60 டிகிரி செல்சியஸுக்கு மேலே சூடாக வைக்கணும், வெளியில் சும்மா இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அடிப்படை விதி. அந்தச் சூட்டுக்குக் கீழே போனால் கிருமி பெருகும். அதனால் பெட்டி அவசியம். வயிற்றுக்கு அது நல்லது.

நாக்குக்குத்தான் சிக்கல். பீன்ஸ் பொரியலை அந்தச் சூட்டில் ஒரு மணி நேரம் வைங்க, பச்சை நிறம் போய்ப் பாசி நிறமாகிவிடும். மூடியில் தேங்கும் ஆவி சொட்டுச் சொட்டாக விழுந்து வடை நமுத்துப்போகும். இட்லி ஓரம் காய்ந்துபோகும். சாம்பாரில் பருப்பு இறுகிக் கூழாகும். தோசையைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆனால் பனீர் மசாலா? ஒன்றும் ஆகாது. சாஸில் முக்கிய கோபி மஞ்சூரியன்? அது ஏற்கெனவே நமுத்ததுதான். ஜீராவில் ஊறும் குலாப் ஜாமூன்? நேரம் ஆக ஆக நல்லது.

அப்போ பஃபே மெனுவை எழுதுறது யாரு? சமையல்காரர் இல்லை, சாப்பிடுறவரும் இல்லை. அந்தப் பெட்டிதான். சூட்டில் நின்று பிழைக்கிற பண்டம் மெனுவில் நிற்கும், பிழைக்காதது விழும். எந்த ஊர் பார்க்குக்குப் போனாலும் ஒரே மாதிரி பஃபே இருப்பதற்கு இது ஒரு காரணம். உள்ளூர்ச் சமையலில் நல்லது பலவும் அடுப்பிலிருந்து நேராக இலைக்கு வர வேண்டியது. அது அந்தப் பெட்டிக்குள் உயிரோடு இருக்காது.

இரண்டாவது விஷயம் ஒப்பந்தம். பல இடங்களில் சாப்பாட்டை வெளி கேட்டரிங்காரருக்கு விட்டுவிடுகிறார்கள். தலைக்கு இத்தனை ரூபாய், இத்தனை அயிட்டம். ஒரு உதாரணத்துக்கு, தலைக்கு 100 ரூபாய் என்று வைங்க. அடுத்த வருஷம் எண்ணெய், பருப்பு, சிலிண்டர் எல்லாம் ஏறும். ஒப்பந்தம் அதே அளவுக்கு ஏறாது. எங்கே குறைப்பார்? அயிட்டத்தைக் குறைக்க முடியாது, அது விளம்பரப் பலகையில் எண்ணாக இருக்கு. நெய் டால்டாவாகும், டால்டா பாமாயிலாகும். தயிரில் தண்ணீர் ஏறும். ஐஸ்கிரீம் இருந்த இடத்தில் தாவர எண்ணெயில் செய்த ஃப்ரோசன் டெசர்ட் வரும். எண்ண முடிகிறதெல்லாம் அப்படியே இருக்கும், எண்ண முடியாததெல்லாம் இறங்கும். எங்க துறையிலும் இதே கதைதான். எதை அளக்கிறோமோ அது மட்டும் அழகாக இருக்கும்.

கோழிக்காக வந்த கூட்டம்

தீம் பார்க்கின் ஆரம்பத்தைத் தேடிப் போனபோது ஒரு ஆச்சரியம் கிடைத்தது. உலகின் பழைய தீம் பார்க்குகளில் ஒன்று, சாப்பாட்டுக் கடையாக ஆரம்பித்தது!

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம், பியூனா பார்க் என்று ஒரு ஊர். வால்டர் நாட், கோர்டீலியா நாட் என்ற தம்பதி அங்கே பெர்ரிப் பழத் தோட்டம் வைத்து, ரோட்டோரத்தில் பழம் விற்றார்கள். பொருளாதாரம் படுத்துக் கிடந்த 1934இல் கோர்டீலியா அம்மா, கல்யாணத்துக்கு வந்த சீதனத் தட்டுகளை எடுத்து வைத்து, எட்டு பேருக்குக் கோழிக் குழம்புச் சாப்பாடு மாதிரி வறுத்த கோழிச் சாப்பாடு போட்டார். தலைக்கு 65 சென்ட். ருசி பரவி, கூட்டம் கூடி, வரிசை நீண்டுகொண்டே போனது. மணிக்கணக்காகக் காத்து நிற்கிற ஜனங்களுக்குப் பொழுது போகணுமே என்று 1940இல் வால்டர் பக்கத்திலேயே ஒரு பழைய காலத்துப் பேய் நகரத்தைக் கட்ட ஆரம்பித்தார். அதுதான் வளர்ந்து நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் என்ற தீம் பார்க் ஆனது.

அதாவது அங்கே சோறுதான் ராட்டினத்தைக் கூட்டி வந்தது. கோழி நல்லா இல்லைன்னா அந்தப் பேய் நகரத்துக்கு ஒரு ஈ கூட வந்திருக்காது.

அப்புறம் 1955 ஜூலை 17ஆம் தேதி, அதே வட்டாரத்தில் டிஸ்னிலேண்ட் திறந்தது. இங்கே கணக்கு தலைகீழ். சுற்றிலும் வேலி, வாசலில் டிக்கெட், உள்ளே கதை. பல உணவுக் கடைகளை வெளி நிறுவனங்களிடம் விட்டார்கள். திறப்பு நாளில் எதிர்பார்த்ததைவிட ரொம்பக் கூட்டம் வந்து சாப்பாடு தீர்ந்துபோச்சு. குழாய்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தால் கழிப்பறையா, குடிநீர்க் குழாயா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை. கழிப்பறையைத் தேர்ந்தெடுத்தார்கள். தண்ணீர்க் குழாய் வேலை செய்யவில்லை என்றதும் குளிர்பானம் விற்கத்தான் இப்படிச் செய்கிறார்கள் என்று ஜனங்கள் கோபப்பட்டார்கள். வேலிக்குள் இருக்கிறவன் தாகத்தைப் பார்த்து வரும் அந்தச் சந்தேகம், பார்க் திறந்த முதல் நாளே வந்துவிட்டது.

நாட்ஸ் பண்ணையும் 1968இல் வேலி போட்டு நுழைவுக் கட்டணம் வாங்க ஆரம்பித்தது. கோழிக் கடையை வேலிக்கு வெளியிலேயே விட்டுவிட்டார்கள். டிக்கெட் வாங்காமலே இன்னைக்கும் அங்கே போய்ச் சாப்பிடலாம். இதை ஞாபகம் வச்சுக்கங்க, கடைசியில் தேவைப்படும்.

பஃபேயின் கதையும் ஏறக்குறைய இதே காலம்தான். ஸ்வீடன்காரர்களின் ஸ்மோர்கஸ்போர்ட் என்ற விருந்து மேசையை 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் அமெரிக்கர்கள் கூட்டமாகப் பார்த்தார்கள். 1940களில் லாஸ் வேகாஸில் எல் ராஞ்சோ வேகாஸ் ஹோட்டல், ராத்திரியில் ஒரு டாலருக்கு எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடலாம் என்று பஃபே வைத்தது. சோற்றில் லாபம் பார்க்க இல்லை. சூதாடுகிறவன் பசிக்குதுன்னு எழுந்து போயிடக் கூடாது, அதுக்காக. 1958இல் டோக்கியோ இம்பீரியல் ஹோட்டல் இதே முறையை 'வைக்கிங்' என்ற பெயரில் ஆரம்பித்தது. ஜப்பானில் இன்னைக்கும் பஃபேக்கு அதுதான் பெயர்.

ஆக, பஃபேயை உலகம் முழுக்கப் பரப்பியதில் பெரிய பங்கு லாஸ் வேகாஸுக்கு உண்டு. அங்கே சோறு வியாபாரம் இல்லை, ஆளை உட்கார வைக்கிற கயிறு.

கல்லில் வெட்டிய மெனு

அப்போ வெளியே போக முடியாதவனுக்குப் போடுற சோறு என்றாலே மோசமாகத்தான் இருக்குமா? இல்லை. நம்ம ஊர் வரலாறே வேற மாதிரிச் சொல்லுது.

விழுப்புரம் மாவட்டம் எண்ணாயிரம் கோவிலில் முதலாம் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கு. 340 மாணவர்கள் தங்கிப் படித்த கல்விக்கூடத்தைப் பற்றியது. அதில் இளைய மாணவர்கள் 270 பேருக்குத் தலைக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல் என்று வெட்டியிருக்கிறார்கள். செங்கல்பட்டுப் பக்கம் திருமுக்கூடல் கோவிலில் வீரராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு. 11ஆம் நூற்றாண்டு. அங்கே 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை, அதாவது மருத்துவமனை, கூடவே மாணவர் விடுதி. நோயாளிக்கு எவ்வளவு அரிசி, மாணவர்களுக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு எண்ணெய் என்பது வரை கல்லில் இருக்கு.

தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டுகளைப் பார்த்தால் அரிசி, பருப்பு, நெய், தயிர், மிளகு என்று ஒவ்வொன்றும் நாழி, உரி, உழக்கு, ஆழாக்கு அளவில் வரும். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு நாழி. கவனிங்க, எத்தனை அயிட்டம் என்று எழுதவில்லை. எவ்வளவு நெய் என்று எழுதினார்கள். யார் வேணும்னாலும் சுவரைப் பார்த்துக் கேட்கலாம். நெய்யைக் குறைத்தால் சுவர் காட்டிக்கொடுத்துவிடும். (அந்தச் சுவரைப் படிக்கவும் அந்தச் சோற்றைச் சாப்பிடவும் எல்லோருக்கும் இடம் இருந்ததா என்றால், இல்லை. அது தனி எபிசோடு. அந்த வருத்தத்தை மறைத்துவிட்டுப் பெருமை பேச எனக்கு விருப்பமில்லை.)

அவ்வளவு தூரம் போவானேன், எங்க ஊர் பக்கமே ஒரு உதாரணம் இருக்கு. சதுரகிரி. தாணிப்பாறையில் ஏற ஆரம்பித்தால் சுந்தர மகாலிங்கம் கோவிலுக்கு நாலைந்து மணி நேரம். வழியில் ஹோட்டல் கிடையாது. மேலே போய்ச் சேர்ந்தவனுக்கு வேற போக்கிடமும் கிடையாது. அந்தப் பசி தீம் பார்க் பசியைவிடப் பல மடங்கு மாட்டிக்கொண்ட பசி. பெரியப்பா அந்தக் காலத்தில் ஆடி அமாவாசைக்கு மலையேறிப் போய் அன்னதானத்துக்குச் சமைத்திருக்கிறார். சாமான் எல்லாம் தலைச்சுமையாகத்தான் மேலே போகணும். அந்தச் சாம்பாரைப் பற்றி எங்க தெருவில் இன்னைக்கும் பேசுவாங்க.

"காசு குடுக்காதவனுக்கு எதுக்குப் பெரியப்பா அவ்வளவு மெனக்கெட்டீங்க?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"கொறை வச்சா சாமி கண்ணக் குத்தும்லய்யா" என்று சிரித்தார். அப்புறம், "அதோட, பந்தியில நிக்கிறது நானு. எலையில மிச்சம் வச்சா எனக்குத் தெரியும்."

பந்தியில் அவர் கண் எங்கே இருக்கும் தெரியுமா? இலையை மடிக்கிற நேரத்தில். அவியல் அப்படியே கிடந்தால் அடுத்த பந்திக்குள் அதைச் சரி பண்ணியாகணும். எங்க பாஷையில் சொன்னால் எச்சில் இலைதான் லாக் ஃபைல். பஃபேயில் அந்த லாக்கே கிடையாது. எச்சில் தட்டு பின் வாசலில் ஒரு தொட்டிக்குப் போகுது. சமைத்தவர் வேற கட்டடத்தில் இருக்கிறார். எது மிச்சமாச்சு, ஏன் மிச்சமாச்சு என்று அவருக்கு யாரும் சொல்லப் போவதில்லை.

ரயிலும் மோட்டலும்

சரி, காசு கொடுத்து மாட்டிக்கொண்ட பசி நம்ம ஊரில் எப்போ பெரிய வியாபாரமாச்சு? ரயில் வந்தபோது. தென்னிந்திய ரயில்வேயின் சிற்றுண்டி அறைகளை ஸ்பென்சர் கம்பெனி நடத்தியது. வெள்ளைத் துணி விரித்த மேசையெல்லாம் மேல் வகுப்புக்கு. மூன்றாம் வகுப்புக்காரனுக்கு என்ன கிடைத்தது என்று காந்தி எழுதி வைத்திருக்கிறார். 1917இல் பம்பாயிலிருந்து மதராஸுக்கு மூன்றாம் வகுப்பில் வந்தவர், வழியில் டீ என்ற பெயரில் கொடுத்ததைப் பார்க்கச் சேற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது என்ற பொருளில் எழுதினார். ஒரே ரயில், ஒரே பசி, இரண்டு தரம். யாருடைய புகாருக்கு மரியாதை இருந்ததோ அவருக்கு நல்ல சாப்பாடு.

சரியாக நூறு வருஷம் கழித்து, 2017 ஜூலையில், மத்திய தணிக்கைத் துறையின் சி.ஏ.ஜி. அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்தது. 74 ரயில் நிலையங்களிலும் 80 ரயில்களிலும் ஆய்வு செய்து, மனிதர் சாப்பிடத் தகுதியில்லாத உணவு விற்கப்படுது என்று சொன்னது. இன்னொரு காரணத்தையும் சொன்னது. 2005, 2010, 2017 என்று உணவுக் கொள்கை மாறி மாறி, பொறுப்பு ஐ.ஆர்.சி.டி.சி.க்கும் ரயில்வே மண்டலங்களுக்கும் நடுவில் பந்தாடப்பட்டது. யார் பொறுப்பு என்றே தெரியாத அடுப்பில் ருசி எப்படி நிற்கும்?

ரயிலை விட்டால் பஸ். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்திலிருந்து சென்னைக்கு ராத்திரி பஸ் ஏறின யாருக்கும் இது தெரியும். நடுராத்திரி விளக்குப் போட்டு, "சாப்பிடுறவங்க சாப்பிடலாம், பத்து நிமிஷம்" என்பார்கள். இறங்கினால் ஒரே ஒரு மோட்டல், சுற்றிலும் இருட்டு. டிரைவர், கண்டக்டருக்குத் தனி அறையில் தனிச் சாப்பாடு, சூடாக. நமக்கு ரப்பர் மாதிரி ஒரு புரோட்டா. 2022 தொடக்கத்தில் அரசு விரைவுப் பேருந்துகள் நிற்கும் உணவகங்களுக்கான டெண்டரில் சைவம் மட்டும் என்ற நிபந்தனை பெரிய சர்ச்சையாகி, பிறகு நீக்கப்பட்டது. அதே டெண்டரில் உணவின் தரம், விலை, கழிப்பறைச் சுத்தம் பற்றியும் நிபந்தனைகள் இருந்தன. அதைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசவில்லை.

மோட்டல்காரரின் இடத்தில் நின்று யோசிங்க. அவருக்குத் திரும்பி வரவேண்டிய ஆள் யாரு? நான் இல்லை. நான் வந்தே தீருவேன், பஸ் நின்றால் இறங்கித்தான் ஆகணும். வரவேண்டியது பஸ். பஸ்ஸை நிறுத்துகிறவருக்குச் சூடான சாப்பாடு, நிறுத்தினால் இறங்குகிறவனுக்கு ரப்பர் புரோட்டா. எல்லாம் கணக்குப்படிதான் நடக்குது.

யார் முகம் முக்கியம்?

இப்போ எல்லாவற்றையும் ஒரு வரிசையில் வைத்துப் பார்க்கலாம். கோர்டீலியா அம்மாவுக்குச் சாப்பிடுகிறவர் முகம் முக்கியம், அவர் திரும்ப வரணும். சதுரகிரியில் பெரியப்பாவுக்குச் சாமி முகமும் பந்தி முகமும் முக்கியம். சோழர் காலத்தில் தானம் கொடுத்தவர் முகம், அதைக் கல்லிலேயே வெட்டிவிட்டார்கள். லாஸ் வேகாஸில் சூதாடி முகம். மோட்டலில் டிரைவர் முகம். சோறு யார் முகத்தைப் பார்த்துச் சமைக்கப்படுதோ, அவருக்கு நல்லா இருக்கும். எனக்குக் கிடைத்த விடை இவ்வளவுதான்.

தீம் பார்க் பஃபேயில் அது யார் முகம்?

தமிழ்நாட்டில் இந்த வகைப் பார்க் பெரிய அளவில் வந்தது 1990களில். தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா 1995இல் திறந்தது. மலையாளத் தயாரிப்பாளர் நவோதயா அப்பச்சன் ஆரம்பித்தது. 2000இல் கொச்சியில் வீகாலேண்ட், இன்னைக்கு வொண்டர்லா. எங்க பக்கத்துப் பள்ளிக்கூடப் பஸ்களுக்கு மதுரை பரவையில் அதிசயம். அதற்கு முன்னால் எங்க அப்பா காலத்தில் சுற்றுலா என்றால் வைகை அணைப் பூங்கா. அண்டாவில் தக்காளி சாதம் கட்டிக்கொண்டு போய் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவது. பார்க் வந்த பிறகு பள்ளிக்கூடங்களும் கம்பெனிகளும் மொத்தமாக டிக்கெட் வாங்க ஆரம்பித்தன. மொத்தமாக வாங்குறவங்களுக்கு டிக்கெட்டோடு சாப்பாட்டையும் சேர்த்து ஒரு காம்போ.

அந்த காம்போவில்தான் கயிறு அறுந்தது. சாப்பிடுறவன் ஒருத்தன், வாங்குறவன் இன்னொருத்தன். காசு காலையிலேயே கைமாறிவிடும், சாப்பாடு மத்தியானம்தான் கண்ணில் படும். சாப்பிடுகிறவன் அடுத்து வரப்போவது இரண்டு, மூணு வருஷம் கழித்து, அதுவும் ராட்டினத்துக்காக. சாப்பாடு நல்லா இல்லை என்று ராட்டினத்தை விட்டவர் யாருமில்லை.

சட்டம் என்ன சொல்லுது? 2023 ஜனவரி 3ஆம் தேதி உச்ச நீதிமன்றம், வெளி உணவைத் தடுக்க சினிமா தியேட்டர்காரருக்கு உரிமை உண்டு, அது தனியார் இடம் என்றது. சுத்தமான குடிநீர் இலவசமாகக் கொடுக்கணும், கைக்குழந்தைக்கான உணவை விடணும் என்றும் சொன்னது. அது தியேட்டர் வழக்கு. ஆனால் பார்க் வாசலில் கேட்கிற வாதமும் இதேதான். 2018 முதல் ஒரே பொட்டலத்துக்கு இரண்டு எம்.ஆர்.பி. போடக் கூடாது என்று விதி இருக்கு. அது பிஸ்கட்டுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் சரி. தட்டில் விழும் சாம்பாருக்கு ஏது எம்.ஆர்.பி.? 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி சாப்பாடு உடம்புக்குக் கெடுதல் செய்யக் கூடாது, கலப்படம் கூடாது. அது வயிற்றைக் காப்பாற்றும். ருசி குறைஞ்சுபோச்சு என்று எந்த அதிகாரியிடமும் மனு கொடுக்க முடியாது.

இங்கே நான் ஒரு விஷயத்தைச் சொல்லியாகணும். அந்த ஃபேமிலி டேயை ஏற்பாடு பண்ணின மூணு பேரில் நானும் ஒருத்தன். பார்க்கிலிருந்து மூணு காம்போ அனுப்பியிருந்தார்கள். நாங்கள் எதையும் ருசி பார்க்கவில்லை. ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போட்டு, ஒரு பத்தியில் விலை, ஒரு பத்தியில் அயிட்டம் எண்ணிக்கை. விலை குறைவு, எண்ணிக்கை அதிகம், பதினெட்டு. பச்சை நிறம் அடித்து டிக் பண்ணினது நான்தான். பெரியப்பா ரசம் சோற்றோடு உட்கார்ந்திருந்தாரே, அந்த மெனுவைத் தேர்ந்தெடுத்தது நான். சமைத்தவருக்கு முக்கியமான முகம் ஒன்று இருந்தது என்றால் அது என் முகம். நான் கேட்டது எண்ணிக்கை. அவர் கொடுத்ததும் எண்ணிக்கை.

பதினெட்டு ஒன்பதானது

இந்த வருஷமும் ஏற்பாடு எங்க டீம்தான், வேற பார்க். போவதற்கு முந்தின சனிக்கிழமை நாங்கள் மூணு பேரும் சாதாரண டிக்கெட் எடுத்து, யாரிடமும் சொல்லாமல் போய்ச் சாப்பிட்டோம். அப்புறம் பேசினோம். பதினெட்டு வேண்டாம், ஒன்பது போதும். காசைக் குறைக்க வேண்டாம். பொரியலையும் வடையையும் அரை மணிக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். நெய், எண்ணெய் என்ன என்று ஒப்பந்தத்திலேயே எழுதித் தாருங்கள். கடைசியாக, சமையல் மாஸ்டர் ஒருத்தர் சாப்பாட்டு நேரத்தில் மேசைப் பக்கம் நிற்கணும்.

மேனேஜர் கொஞ்சம் விசித்திரமாகத்தான் பார்த்தார். "யாரும் இப்படிக் கேட்டதில்லை சார்" என்றார். ஆனால் ஒத்துக்கொண்டார். அன்னைக்கு வடை மொறுமொறு என்று இருந்தது. மாஸ்டர் ஒரு ஓரமாக நின்று எச்சில் தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டு மிச்சமாவதைப் பார்த்துவிட்டு உள்ளே போய் அடுத்த ஈட்டில் காரத்தைக் குறைத்துக் கொண்டுவந்தார். பனீர் எங்கே என்று நாலு பேர் கோபமாக மெயில் போட்டார்கள், அதையும் சொல்லணும். எல்லோரையும் திருப்திப்படுத்தினோம் என்று சொல்ல வரவில்லை.

உங்க பிள்ளைகளின் பள்ளிக்கூடமோ, உங்க கம்பெனியோ மொத்தமாக டிக்கெட் வாங்கும்போது, வாங்குற இடத்தில் இருக்கிறவர் யார் என்று கேளுங்க. அவர் அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டுப் பார்த்தாரா என்று கேளுங்க. பார்க் நடத்துறவங்க யாராவது கேட்டுக்கிட்டு இருந்தால் ஒரே ஒரு யோசனை. நாட்ஸ் பண்ணை செய்த மாதிரி, சாப்பாட்டுக் கடையை வேலிக்கு வெளியே வைத்துப் பாருங்க. டிக்கெட் எடுக்காதவனும் அந்தச் சாப்பாட்டுக்காகத் தேடி வருகிறானா? வந்தால் உங்க சாப்பாடு நல்லா இருக்கு என்று அர்த்தம்.

போன வருஷ ஃபேமிலி டேக்குத் திரும்பிப் போய் முடிக்கிறேன். சாயங்காலம் டோக்கனைக் கொடுத்துத் தூக்கை வாங்கினோம். வண்டி நிறுத்துற இடத்தில், காரின் பின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அம்மா பரிமாறினார். காலையில் சிரித்த என் டீம் ஆட்கள் நாலு பேர் காகிதத் தட்டோடு வந்து நின்றார்கள். அம்மா ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்த்துப் பார்த்து வைத்தார், "இன்னும் கொஞ்சம் வைக்கவாய்யா?" என்று கேட்டுக்கொண்டே. பெரியப்பா அன்னைக்கு முதல் தடவையாக இரண்டாவது வாட்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தூக்கின் அடியில் ஒரு பருக்கை மிச்சமில்லை.

அடுத்த எபிசோடில் சந்திக்கலாம் மக்களே. உங்க ஊர் மோட்டல் கதை, பந்திக் கதை இருந்தால் எழுதி அனுப்புங்க.